ஆற்றுக்குத் தப்பிய வெள்ளரி

மேற்கே மலையில் ராத்திரி பெய்த கோடை மழைக்கு, காலையில் வைப்பாற்றில் வெள்ளம் வந்துவிட்டது. ஏழாயிரம்பண்ணை பட்டாசுக் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போன வேன் தரைப்பாலத்துக்கு முன்னால் நின்றது. பாலம் இருந்த இடத்தில் செங்காவித் தண்ணீர் சுழித்து ஓடியது.

"இன்னைக்குச் சம்பளம் ஆத்தோட போச்சு," என்றாள் மாரித்தாய். குரலில் வருத்தமே இல்லை. அந்த ஆற்றில் தண்ணீரைப் பார்த்து யாருக்குத்தான் வருத்தம் வரும்? எல்லோரும் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள்.

கீழே படுகையில் ஒரு பெண் தன்னந்தனியாக வெள்ளரிக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி போடும் ஆரோக்கியம் சிஸ்டர். படுகையில் வெள்ளரி போட்டிருந்தவர் அவர்தான்.

"சிஸ்டர்! தண்ணி ஏறுது, மேல வாங்க!" என்று கத்தினாள் மாரித்தாய்.

"காயை விட்டுட்டு எப்படிம்மா வர? பறிக்க ஆள் தேடித் தேடி ஓஞ்சுட்டேன். அம்புட்டுப் பேரும் கம்பெனிக்குப் போயிட்டீக!"

மாரித்தாய்க்குச் சுருக்கென்றது. பருத்திக்காட்டில் முதுகொடிந்தவள் அவள். மழை பொய்த்தால் கூலியும் பொய்க்கும். கம்பெனியில் வெடிமருந்து நெடி இருந்தாலும் வாரம் தவறாமல் சம்பளம் உண்டு. இனிக் காட்டுவேலைக்குக் குனிவதில்லை என்று சொல்லித் திரிந்தவள்தான். ஆனாலும் விளைந்த காய் கண்ணெதிரே தண்ணீரில் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"வாங்கடி," என்று இறங்கினாள். "ஏலே காளீஸ்வரா, வண்டியில கிடக்குற சாக்கையெல்லாம் எடுத்துட்டு வா."

"நான் டிரைவரு, அக்கா!"

"ஆத்துக்குள்ளயா ஓட்டப்போற? வாலே!"

வெடிக்குத் திரி சொருகிப் பழகிய விரல்கள் கொடிகளுக்குள் பறந்தன. கடைசிச் சாக்கைக் கரையேற்றும்போது தண்ணீர் அவர்கள் கணுக்காலைத் தொட்டுவிட்டது.

"கூலி எம்புட்டு வேணும், சொல்லுங்க," என்றார் சிஸ்டர், மூச்சு வாங்கியபடி.

"கூலி வேண்டாம். பாதிக் காய் எங்களுக்கு."

"அம்புட்டையும் தின்னவா போறீக?"

"சாத்தூர் ரோட்டுல பஸ் நிக்கும்லா, சிஸ்டர்!"

சிஸ்டர் சிரித்துவிட்டார். "அப்படின்னா என் பாதியையும் சேத்து வித்துக் குடுங்க." சொன்னதோடு நில்லாமல் வேனில் தானும் ஏறிக்கொண்டார்.

டீக்கடையில் உப்பும் மிளகாய்ப்பொடியும் வாங்கிக் காயைக் கீறித் தடவினார்கள். முதல் பஸ் வந்ததும் மற்றவர்கள் வெட்கப்பட்டு நின்றார்கள். மாரித்தாய் மட்டும் ஜன்னலோரம் ஓடினாள். "சாத்தூர் வெள்ளரி! இப்பத்தான் ஆத்துக்குத் தப்பிச்சு வந்துச்சு!" பஸ்ஸுக்குள் சிரிப்பு எழுந்தது, கைகள் நீண்டன. தனக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் சாக்குகள் காலி.

"தண்ணி வடிஞ்சா வண்டல் நிக்கும். மறுபடி விதை ஊனப்போறேன்," என்றார் சிஸ்டர். "ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவுதானே? காய்ச்சதும் பறிக்க வாரீகளா?"

"கூலிக்குன்னா வரமாட்டேன். பங்குக்குன்னா சொல்லுங்க."

"பங்குக்குத்தான்மா. சர்ச்சுல பூசை முடிஞ்சதும் நானும் வந்திருதேன்."

மாரித்தாய் தலையை ஆட்டிவிட்டு, எந்த ஊர் பஸ்ஸில் கூட்டம் அதிகம் என்று காளீஸ்வரனிடம் விசாரிக்கப் போனாள்.