பூஜ்ஜியத்தில் தொடங்கும் வரிசை

அக்கா போனில் பேச ஆரம்பித்தபோதே குரல் சரியில்லை.

"ஏய், உங்க கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியுமா தெரியாதா? நேத்து இவனுக்கு வேர்க்கடலை பிஸ்கட் குடுத்திருக்காங்க. கேட்டா, ஸ்கிரீன்ல பச்சை வந்துச்சாம்!"

"சாப்பிட்டானா?"

"மோந்து பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டான். அவனுக்கு இருக்கிற அறிவு உங்க ஆபீசுல ஒருத்தருக்கும் இல்ல."

இவன் என்பது அக்காவின் மகன், ஏழு வயது வாலு. வேர்க்கடலை ஒரு துணுக்கு உள்ளே போனாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும். போன வருடம் ஆஸ்பத்திரி வரை போய் மீண்டவன். நாங்கள் செய்த மென்பொருள் பள்ளி உணவகங்களில் ஓடுகிறது. பிள்ளை அட்டையைக் காட்டினால், அதற்கு ஆகாத பொருள்களின் பட்டியலில் அன்றைய சாப்பாட்டில் சேர்ந்தது எதுவும் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. இவ்வளவுதான் வேலை. இதைக்கூட ஒழுங்காகச் செய்யாவிட்டால் நாங்கள் எதற்கு, எங்களுக்கு ஏசி எதற்கு?

வாலுவின் பட்டியலைத் திறந்தேன். வேர்க்கடலை இருந்தது. அது மட்டும்தான் இருந்தது. பிஸ்கட்டில் சேர்ந்த பொருள்களிலும் வேர்க்கடலை இருந்தது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பச்சைதான் என்று சாதிக்கிறது எங்கள் மென்பொருள்.

சோதனை பார்ப்பவரை ஆபீசில் 'பாத்தாச்சு' என்றுதான் கூப்பிடுவோம். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். அவர் இடத்துக்குப் போனேன்.

"பாத்தாச்சுங்க. நிறைய பிள்ளைங்களைப் போட்டுப் பாத்தேன். எல்லாம் கரெக்டா சிவப்பு வந்துச்சு."

"எங்க, காட்டுங்க."

காட்டினார். ஒவ்வொரு பட்டியலிலும் முதல் வரியில் 'டெஸ்ட்' என்று போட்டு, அதற்குக் கீழேதான் பால், முட்டை எல்லாம் எழுதியிருந்தார். "அப்புறம் தேடி அழிக்க ஈசியா இருக்கும்ல?" என்றார் பெருமையாக. இவரை என்ன செய்யலாம்?

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பட்டியலில் ஒரு பொருள் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று தேடிச் சொல்ல, அந்தப் பட்டியல்களைச் சேமித்து வைக்கும் தரவுத்தளத்திலேயே ஒரு கட்டளை உண்டு. பழைய தரவுத்தளம் ஒன்றிலிருந்து எண்ணும். பொருள் இல்லவே இல்லையென்றால் பூஜ்ஜியம் என்று சொல்லும். அதனால் பூஜ்ஜியத்துக்கு மேல் எது வந்தாலும் சிவப்பு என்று எழுதி வைத்திருந்தோம். போன வாரம் புதிய தரவுத்தளத்துக்கு மாறினோம். இது பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறது; பொருள் இல்லையென்றால்தான் மைனஸ் ஒன்று என்கிறது. முதலில் இருப்பதைக் கண்டுபிடித்து, 'பூஜ்ஜியமாவது இடம்' என்று ஒழுங்காகத்தான் சொல்கிறது. நாங்கள்தான் 'ஓ, இல்லையா, சரி' என்று பச்சை காட்டிக்கொண்டிருக்கிறோம். சோதனையில் அந்த முதல் இடத்தை 'டெஸ்ட்' அடைத்துக்கொண்டதால் தவறு வெளியே தெரியவில்லை.

எது பிள்ளையின் உயிருக்கு உலை வைக்குமோ, அதைத்தானே எந்த அம்மாவும் முதலில் எழுதுவாள்?

மதியச் சாப்பாட்டுக்கு அதிக நேரம் இல்லை. மேலாளர் அறைக்கு ஓடி, அக்கா பையனுக்கு நடந்ததையும் காரணத்தையும் சொன்னேன்.

"இப்பவே திருத்தணும் சார்."

"திங்கக்கிழமை மத்ததோட சேத்துப் போட்டுக்கலாம். எத்தனை ஸ்கூல் கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்கு?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்புறம் என்ன? உங்க அக்கா பையனுக்கு மட்டும் முதல் வரியில எதையாவது போட்டு விடுங்க. முடிஞ்சுது."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மற்ற பிள்ளைகள் என்ன தவிட்டுக்கு வாங்கியவர்களா? திருத்தத்தை அனுப்ப அவர் ஒப்புதல் வேண்டும். ஆனால் அவசரத்துக்கு எல்லாத் திரைகளையும் சிவப்பாக்கும் ஒரு பொத்தான் என் கணினியிலும் உண்டு. நேராக வந்து அதை அழுத்தினேன்.

சாப்பாட்டு மணி அடித்ததும் ஆபீஸ் போன்களெல்லாம் ஒன்றாக அலறின. மேலாளர் வெளியே வந்து குதியோ குதியென்று குதித்தார். "யாரைக் கேட்டு அழுத்துனீங்க? இது என்ன உங்க வீட்டுச் சொத்தா? நீங்களே பதில் சொல்லுங்க!" என்று என் மேசைப் போனில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

ஏதோ ஒரு பள்ளியின் உணவகத்தைக் கவனிக்கும் அம்மா பேசினார். "எல்லாப் பிள்ளைக்கும் சிவப்பு வருதுங்க. ஸ்கிரீன்ல ஏதாவது கோளாறா?"

"ஆமாம்மா. போன வாரத்துலேர்ந்து பச்சை தப்பா வந்திருக்கு. ஸ்கிரீனை நம்பாதீங்க, பட்டியலைப் படிச்சுப் பாத்துக் குடுங்க."

"முந்தாநாள் ஒரு சின்னப் பொண்ணுக்கு முகமெல்லாம் வீங்கிப் போச்சுங்க. பச்சைதான் வந்துச்சு. வீட்ல எதையோ குடுத்து அனுப்பிட்டு எங்க மேல பழி போடுறீங்களான்னு, அவங்கம்மாவை எல்லார் முன்னாடியும் திட்டிட்டேன். பாவம், அழுதுக்கிட்டே தூக்கிட்டுப் போனாங்க. சொல்லுங்க, அன்னைக்கு வந்த பச்சை சரிதானா?"

"இல்லம்மா" என்றேன். "சிவப்பு வந்திருக்கணும். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

மேலாளர் போன் பக்கம் குனிந்தார். "பொண்ணு இப்ப எப்படி இருக்கு?"

"தெரியலைங்க" என்றார் அந்த அம்மா. "இன்னும் பள்ளிக்கூடம் வரல."