எந்தக் கால்?

அலுவலகத்தில் அவளுக்குத் துருவி என்று பெயர். யார் வைத்தார்களோ, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். ஒருவர் மழை பெய்தது என்று சொன்னால், எந்தப் பக்கமிருந்து சாரல் அடித்தது, கையில் குடை இருந்ததா, இருந்தால் அது யாருடைய குடை என்று கேட்காமல் விடமாட்டாள். மனித உரிமை அமைப்பில் ஆய்வாளர் வேலை அப்படி. விசாரணைக்கென்று பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களும் அவர்கள் வீட்டாரும் சொல்வதைக் கேட்டு, சரிபார்த்து, அறிக்கையாக எழுத வேண்டும். எதிரில் இருப்பவர் வாயில் பதிலை ஊட்டிவிடக் கூடாது. இது அந்த வேலையின் முதல் பாடம். துருவி அதில் பழம் தின்று கொட்டை போட்டவள்.

அவளையே திணறடிக்க ஒரு பெயிண்டர் வந்து சேர்ந்தார்.

போன மாதம்தான் அவரை வெளியே விட்டிருந்தார்கள். எதற்குப் பிடித்தார்கள், எதற்கு விட்டார்கள் என்று அவருக்கும் தெரியாது. இதற்குள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார், புருவத்தில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, அடைத்து வைத்த அறையில் தன்னோடு ஒரு பையனும் இருந்தான் என்றார். பேசக் கூடாது என்பதால் பெயர் தெரியாது. ராத்திரி பகல் என்றில்லாமல் விளக்கு எரியும், பையன் சட்டையைக் கழற்றி முகத்தில் போட்டுக்கொண்டுதான் தூங்குவான் என்றார்.

துருவியின் பேனா நின்றது.

மூன்று வருடத்துக்கு முன் காணாமல் போன ஒரு கல்லூரிப் பையன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் தூங்குவான். இதைச் சொன்னது அவனுடைய அம்மா, ஒரு தையல்காரம்மா. அவனைப் பற்றித் துருவி எழுதிய அறிக்கையில் இது வரவேயில்லை. துருவி முகத்தில் ஒன்றையும் காட்டாமல், ஒரே சாயலில் இருக்கும் ஆறு பையன்களின் படங்களை மேஜைமேல் பரப்பினாள். பெயிண்டரின் விரல் இரண்டு படங்களுக்கு நடுவே ஊசலாடிவிட்டு, தையல்காரம்மாவின் மகன்மேல் இறங்கியது.

"இவன்தான்னு நினைக்கிறேன். அப்போ தாடி இருந்துச்சு" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "நடக்கும்போது ஒரு காலை இழுப்பான்" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அந்த நொண்டல் அவளே பெற்றுப் போட்ட பிள்ளை.

போன வருடம் அறிக்கை எழுதியபோது தையல்காரம்மா பயந்துபோய் இருந்தார். தன் மகன் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்றார். அமைப்பின் வழக்கப்படி பெயரையும் வயதையும் மாற்றி, ஆளை மறைக்க ஒரு பொய் அடையாளமும் சேர்த்தார்கள். இடது கால் சற்றே நொண்டும் என்று எழுதியது துருவிதான். தையல்காரம்மா அதற்குச் சண்டையே போட்டார். ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கிய பிள்ளைக்கு நொண்டலா, வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்டுவிட்டு, மனசில்லாமல் சம்மதித்தார். அறிக்கை வெளிவந்ததும் பத்திரிகைகள் அந்தக் காலைத்தான் பிடித்துக்கொண்டன. ஒரு பத்திரிகை கையில் ஊன்றுகோலோடு படமே வரைந்து போட்டது. அப்புறம் தையல்காரம்மா துணிந்து, அறிக்கையில் வருவது தன் மகன்தான், அவனைத் தேடித் தாருங்கள் என்று சொந்தப் பெயரில் கோர்ட்டுக்குப் போனார். அந்த வழக்குதான் திங்கட்கிழமை வருகிறது. புதிதாக ஒன்றும் இல்லையென்றால் அன்றோடு மூடிவிடுவோம் என்று நீதிபதி சொல்லியிருந்தார். மூடினால் பையன் செத்தவன் கணக்கு, அதற்குமேல் யாரும் தேடமாட்டார்கள்.

எந்தக் கால் என்று துருவி பெயிண்டரைக் கேட்டாள். அவர் வாயால் சொல்லவில்லை. எழுந்து, மேஜைக்கும் பீரோவுக்கும் நடுவே அந்தப் பையனைப் போல நடந்து காட்டினார். அவர் தரையில் இழுத்தது வலது கால்.

அவர் போனதும் துருவி அறிக்கையைப் பிரித்து, தான் எழுதியதைத் தானே நம்பாமல் இரண்டு தடவை படித்தாள். இடது கால் என்றுதான் இருந்தது.

அமைப்பின் தலைவியை எல்லாரும் பெரியக்கா என்பார்கள். முன்னாள் வக்கீல், எதையும் கறாராக வெட்டிப் பேசுகிறவர். அவரே இதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பத்திரிகையில் படித்துவிட்டு வந்து சொல்கிறவன் காலை மாற்றிச் சொல்வானா என்றார். அரைகுறையாகக் கேட்டவன் மாற்றித்தான் சொல்வான் என்று அவரே பதிலும் சொன்னார். சட்டை விஷயம் வெளியே வரவில்லையே என்று துருவி இழுத்தாள். ராத்திரியெல்லாம் விளக்கு எரிகிற அறையில் யாராக இருந்தாலும் முகத்தில் எதையாவது போட்டுக்கொள்ளத்தான் செய்வார்கள் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எல்லாமே நியாயமாகப் பட்டதுதான் துருவியின் தலைவலி.

"இதை உள்ளே குடுத்தா, அவன் நொண்டியான்னு அம்மாவைக் கேப்பாங்க. இல்லேன்னு சொன்னா நம்ம சாட்சி பொய்யாயிடும். அறிக்கையில ஏன் அப்படி எழுதினீங்கன்னு அடுத்து கேப்பாங்க, அதுல வர்ற அத்தனை பேர் கதையும் நாறிடும்" என்றார் பெரியக்கா. "நிச்சயம் பண்ணிட்டு வா. அதுவரைக்கும் அந்தம்மாகிட்ட மூச்சு விடாதே."

தையல்காரம்மாவின் கடை, ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் ஒற்றை அறை. துருவி போனபோது அவர் சீருடைக் கால்சட்டைகளுக்குக் கீழ்மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தார். மிஷினைச் சுற்றிக் கால்சட்டைகள் குவிந்து கிடந்தன. நல்ல இடம் பார்த்து வந்தோம் என்று துருவி நொந்துகொண்டாள். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த வாசலில் நிற்க வேண்டும் என்றெல்லாம் சொல்லி முடித்தாள். பிறகு, பதிலை ஊட்டாமல் கேட்கும் தன் பழைய திறமை முழுவதையும் திரட்டி, ரொம்பச் சாதாரணமாக ஒரு கேள்வி போட்டாள்.

"உங்க பையன் நடக்கிறது எப்படிம்மா இருக்கும்?"

மிஷின் நின்றது. இந்தக் கேள்வியை அவள் இதற்கு முன் கேட்டதே இல்லை என்பது தையல்காரம்மாவுக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் அவள் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் அவருக்கு மனப்பாடம்.

"யாரோ பார்த்திருக்காங்க" என்றார்.

இல்லை என்று துருவி சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"நொண்டினான்னு சொல்றாங்களா?" தையல்காரம்மாவின் கை ஒரு கால்சட்டையைப் பிடித்தபடியே இருந்தது. "எந்தக் கால்?"

"வலதும்மா."

"நீங்க எழுதினது இடது."

"ஆமாம்மா."

துருவிக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. மொத்தத்தையும் கொட்டிவிட்டாள். பெயிண்டர் பொய் சொல்லியிருக்கலாம், பத்திரிகையில் பார்த்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கலாம், அது வேறு யாராவது வீட்டுப் பையனாக இருக்கலாம், சட்டை தற்செயலாக இருக்கலாம் என்று அடுக்கினாள். சொல்லச் சொல்லத் தனக்கே எது எந்தப் பக்கம் என்று புரியாமல் போய், பாதியில் நிறுத்தினாள். இவ்வளவு குழம்பிப்போய் அவள் யார் முன்னாலும் உட்கார்ந்ததில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

தையல்காரம்மா அழவில்லை. மடியில் கிடந்த கால்சட்டையின் வலது காலை நீவி நீவிச் சுருக்கம் எடுத்தார்.

"அவன்னா, அடிச்சு ஒடிச்சிருக்காங்க. அவன் இல்லேன்னா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. தலையை நிமிர்த்தினார். "நீங்க படிச்சவங்க, நாலு பேரைக் கேட்டவங்க. நீங்களே சொல்லுங்க. என் பிள்ளை நொண்டணும்னு வேண்டிக்கவா, நொண்டக் கூடாதுன்னு வேண்டிக்கவா?"

கேள்வி கேட்பதையே பிழைப்பாக வைத்திருந்தவளை இப்படி ஒரு கேள்வி யாரும் கேட்டதில்லை. கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிச்சயமாகத் தெரியாததை வீட்டாரிடம் சொல்லக் கூடாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள் அவள்தான்.

"நொண்டட்டும்மா" என்றாள்.

தையல்காரம்மா தலையாட்டினார். நூல் அறுந்திருந்ததைப் பார்த்து, நுனியை நாக்கில் நனைத்து ஊசியில் கோத்தார்.

"அப்போ அதையே கோர்ட்டுல குடுங்க. என்னைக் கேட்டா உள்ளதைச் சொல்லுவேன். வீட்டை விட்டுப் போகும்போது அவனுக்கு ரெண்டு காலும் நல்லா இருந்துச்சு."

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. துருவி படியிறங்கி வந்து, மருந்துக் கடை வாசலில் நின்று பெரியக்காவுக்குப் போன் போட்டாள். நிச்சயம் பண்ணிவிட்டாயா என்று பெரியக்கா கேட்டார்.

"இல்லக்கா, ஒண்ணுமே புரியல" என்றாள். "ஆனா குடுத்துடலாம். அந்தம்மா வலது காலுக்கு வேண்டிக்க ஆரம்பிச்சுட்டாங்க. நானும்தான்."