மூன்றாம் பாகத்தில் செங்கமலம்

'புயல்மாறன்' படத்தின் மூன்றாம் பாகம் சிலாபத்து வீடியோக் கடைகளுக்கு வந்துவிட்டது என்ற செய்தி உடப்புக்கு எட்டிய நாளிலிருந்து வீரகத்தி வலையைத் தொடவில்லை. கரையில் கவிழ்ந்து கிடந்த தோணியின் மேல் ஏறி உட்கார்ந்து, போவோர் வருவோரிடமெல்லாம் படம் எப்படி இருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தான். பார்க்காத படத்தைப் பற்றி ஒரு மனிதனால் இவ்வளவு பேச முடியும் என்பது, அவனோடு பதினெட்டு வருடம் குடும்பம் நடத்திய தவமணிக்கே அப்போதுதான் தெரிந்தது.

அவனுக்கு எதிர்க்கட்சி இரத்தினம். முதல் இரண்டு பாகங்களையும் வசனம் பிசகாமல் ஒப்புவிக்கக்கூடியவன். நாயகன் மாறனுக்கு வயதாகிவிட்டது, மூன்றாவதை எடுத்திருக்கவே கூடாது என்பது அவன் வாதம்.

"தலைக்குச் சாயம், வயித்துக்குப் பட்டி. உந்தக் கிழவன் இனிப் பாய்ஞ்சு ஆரைப் பிடிக்கப் போறான்?"

"நீ இருந்து பாரன். கப்பல்ல இருந்து கப்பலுக்குப் பாயிறானாம்."

"பாய்ஞ்சால் கப்பல்தான் தாழும்."

வீரகத்தி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தோணியிலிருந்து குதித்தான். நாலு பேர் நடுவில் புகுந்து விலக்கினார்கள். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த தவமணி தலையை நிமிர்த்தவில்லை. கடலுக்குப் போக இராணுவம் நேரக்கட்டுப்பாடு போட்டபோது இதே கரையில் இதே ஆம்பிளைகள் ஊமைகளாய் நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். மாறனின் தலைமயிருக்காக மட்டும் இவர்களுக்கு ரத்தம் கொதிக்கிறது.

அவளுக்கு மாறனைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. தோணிக்காரி செங்கமலம்தான் வேண்டும். முதல் பாகத்தில் வெள்ளத்துக்குள் பாய்ந்து அவனைத் தோளில் சுமந்து கரையேற்றியவள் அவள். இரண்டாம் பாகத்தில் கொள்ளையரின் நங்கூரக் கயிற்றை வெட்டியவளும் அவள்தான். அவள் இல்லாவிட்டால் மாறன் எப்போதோ மீனுக்கு இரையாகியிருப்பான்.

"செங்கமலம் வாறாவோ?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

இரு கட்சியும் சேர்ந்து சிரித்தது. "அவவுக்கு வயசு போயிட்டுது தவமணியக்கா. இப்ப ஒரு புதுப் பெட்டையாம்" என்றான் இரத்தினம். நாயகனைக் கிழவன் என்றவன் அவன்தான்.

படத்தை வாடகைக்கு எடுத்துவரச் சிலாபம் போனவனும் அவனே. பிழை பிடிப்பதற்கும் பார்க்கத்தானே வேண்டும் என்றான். திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் பஸ்ஸை மறித்துச் சோதித்தார்கள். தமிழில் எழுதிய வீடியோ கசெட்டைக் கண்டதும் போராளி இயக்கத்தின் கசெட்டோ என்ற சந்தேகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ஆளை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அன்று பின்னேரம் ரசிகர் எல்லாரும் வீரகத்தியின் முற்றத்தில் கூடினார்கள். யார் போய்க் கேட்பது?

"நாங்கள் போனால் பிடிச்சு வைச்சிடுவாங்கள்" என்றான் வீரகத்தி.

அந்தப் பயத்தைத் தவமணி குறை சொல்லமாட்டாள். சோதனைச் சாவடிக்குள் போய் மாதக்கணக்கில் திரும்பாத பெடியன்களை ஊர் அறியும். ஆனால், "நான் போறன்" என்று அவள் சொன்னபோது அத்தனை பேரில் ஒருத்தன்கூட 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. கட்டினவனும் சொல்லவில்லை. "ஐடென்டிக் கார்டை மறக்காத" என்றான், அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஒரு பொதி கீரிமீன் கருவாட்டோடு சாவடிக்குப் போனாள். சிலாபம் சந்தையில் பழகிய சிங்களம் கைகொடுத்தது. காவலுக்கு நின்ற இளம் சிப்பாய் கொஞ்சம் வெட்கத்தோடு கசெட்டைக் கொண்டுவந்து நீட்டினான். சந்தேகம் தீரப் போட்டுப் பார்த்தார்களாம். பிறகு சந்தேகம் இல்லாமலும் ஒரு தடவை பார்த்தார்களாம். முதல் இரண்டு பாகங்களையும் அவன் தன் ஊரிலேயே பார்த்தவன், தமிழ்தான் விளங்காது.

"அக்கே, அந்தத் தோணிக்கார அக்காவுக்கு என்ன நடந்தது?" என்று சிங்களத்தில் கேட்டான். "இதிலே சுவரில் படமாகத் தொங்குகிறாள். மாலை போட்டிருக்கிறது. ஏன் செத்தாள் என்று ஏதாவது சொன்னார்களா? எனக்குத்தான் விளங்கவில்லையா?"

"நான் இன்னும் பார்க்கேல்லைத் தம்பி" என்றாள் அவளும் சிங்களத்தில். பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

வீட்டு வாசலில் காத்திருந்த வீரகத்தி கசெட்டைப் பறித்து மூடியைத் திறந்து பார்த்தான். "நாடா ஒண்டும் அறுபடேல்லைத்தானே?"

"நான் அறுபடேல்லை. வந்திட்டன்."

அது அவன் காதில் விழவில்லை.

ஞாயிறு மத்தியானம் ஜெனரேட்டர் பிடித்துப் படம் போட்டார்கள். தொடங்கியதும் மாறன் கண்ணாடியில் மீசையைத் தடவினான். போகிற போக்கில், சுவரில் மாலையோடு தொங்கிய படத்துக்கு ஒரு கும்பிடு போட்டான். கதவைத் திறந்தான், வெளியே மழை, புதுப் பெட்டை ஆடினாள். முற்றம் முழுக்க விசில். கிழவன் என்று திட்டிய இரத்தினம்தான் இரண்டு விரலை வாயில் வைத்து முதலில் அடித்தான். தவமணி கடைசிவரை அசையாமல் இருந்து பார்த்தாள். ஒருத்தரும் செங்கமலத்தின் பேரைக்கூடச் சொல்லவில்லை.

படம் முடிந்ததும் பழைய சண்டை மறுபடி தொடங்கியது.

"நான் சொன்னனான், பாய்வான் எண்டு."

"அது பாய்ச்சலே? கயிறு தெரிஞ்சுதே!"

"செங்கமலம் ஏன் செத்தவ?" என்று தவமணி கேட்டாள்.

"எந்தச் செங்கமலம்?" என்றான் வீரகத்தி.

இரத்தினம் கொஞ்சம் யோசித்தான். "ஓ... அந்தச் சுவரில இருந்த படமோ? நான் மாறன்ர தாயாக்கும் எண்டு நினைச்சன்."

அதற்குள் யாரோ, நாலாம் பாகம் எடுக்கிறார்களாம் என்று ஒரு கதையை அவிழ்த்துவிட்டான். எடுக்கக் கூடாது என்று இரத்தினமும், எடுத்தே ஆக வேண்டும் என்று வீரகத்தியும் எழுந்துவிட்டார்கள். எழுந்த வேகத்தில் வீரகத்திக்கு இன்னொன்றும் நினைவு வந்தது.

"இஞ்சேரப்பா, நாளைக்கு உந்தக் கசெட்டை ஒருக்காச் சிலாபத்தில குடுத்திட்டு வாவன். நீ போனால் மறிக்கமாட்டாங்கள்."

தவமணி கசெட்டை எடுத்து அவன் கையில் வைத்து, விரல்களை மடித்துவிட்டாள்.

"நீங்கள் கொண்டு போங்கோ. மறிச்சால் அங்க ஒரு சிங்களப் பெடியன் நிப்பான். பாஷை விளங்காமலே படத்தை ஒழுங்காப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். உங்களுக்கு விளங்காததை அவனிட்டக் கேளுங்கோ."

வீரகத்தி இரத்தினத்தைப் பார்த்தான். இரத்தினம் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.