எண் போடாத மனு

உணவு அட்டை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக மூன்றாவது ஜன்னலில் உட்கார்ந்திருந்த எழுத்தருக்கு அந்த ஜன்னலே பெயராகிவிட்டது. ‘மூணாம் ஜன்னல் இன்னைக்கு வந்திருக்காரா?’ என்று விசாரித்துவிட்டுத்தான் பலர் வரிசையில் நிற்பார்கள். முதல் இரண்டு ஜன்னல்களும் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்போது மூன்றில் மட்டும் வரிசை வாசற்படி வரை நீளும். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் கையால் ஒரு மனுகூடத் தள்ளுபடி ஆனதில்லை.

மனு ஒன்பது பக்கம். அதோடு பதின்மூன்று இணைப்புகள். ஒன்று குறைந்தாலும், எண் போட்டுக் கணினியில் ஏற்றிய மறுவாரமே தள்ளுபடியாகிவிடும். அப்படித் தள்ளுபடியானவர் ஒரு வருடத்துக்கு மறுபடி மனுப்போட முடியாது. அதனால் குறையுள்ள மனுக்களுக்கு அவர் எண்ணே போடுவதில்லை. என்ன குறை என்று பென்சிலால் ஒரு துண்டுத் தாளில் எழுதி, மனுவோடு குத்தி, மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்துவிடுவார். அந்தக் காகிதம் கிடைத்ததும் கொண்டுவரச் சொல்வார். அதுவரை மனு தன்னிடம் பத்திரமாக இருக்கும் என்பார். இது விதியில் இல்லை. விதிக்கு விரோதம் என்றும் எங்கும் எழுதியிருக்கவில்லை.

இரண்டாம் ஜன்னலில் இருந்தவள் எண்ணைப் போட்டுத் தள்ளிவிட்டுக் கைகழுவுகிறவள். “சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்னு சொல்வாங்க. இங்க பூசாரி வரத்தைக் குடுத்துட்டு சாமியைத் தேடிட்டு இருக்கார்,” என்று அவரைக் கேலி செய்வாள். அவர் குனிந்து அடுத்த மனுவைப் புரட்டுவார். பொதுவாகவே அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் அந்தக் கேலி உள்ளுக்குள் அவருக்கு இனிக்கத்தான் செய்தது.

இழுப்பறையில் அப்போது நாற்பத்தொரு மனுக்கள் இருந்தன. மேலாக இருந்தது தையல்காரியுடையது. ஒரு துணிக்கடையின் பின்னறையில் கால்சட்டைகளுக்கு ஓரம் அடிக்கிறவள். இரண்டு பெண் குழந்தைகள். வேலை தேடிப் போன கணவனிடமிருந்து சேதி இல்லை. குழந்தைகள் மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டுவிடுவார்கள். அதனால் அவளுக்கு ஒரு வேளையைத்தான் சமாளிக்க வேண்டியிருந்தது. இன்னும் ஒரு வாரத்தில், அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கு இரண்டு மாதம் விடுமுறை. ஏழு மாதமாக வந்துபோகிறாள். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்பாள்: “லீவு விடறதுக்குள்ள அட்டை வந்துடுமா அண்ணா?”

பன்னிரண்டு இணைப்புகள் சேர்ந்துவிட்டன. பாக்கி, வீட்டுக்காரரின் கடிதம். அவள் குடியிருந்த அறை எந்தக் கணக்கிலும் இல்லாத அறை. அப்படி ஓர் அறை இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வீட்டுக்காரருக்கு என்ன பைத்தியமா?

விடுமுறைக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், திங்கட்கிழமை காலையில் சுற்றறிக்கை வந்தது. மனு இனி ஒரே பக்கம். அடையாளச் சான்று ஒன்று போதும், மற்ற இணைப்புகள் எதுவும் வேண்டாம். அதோடு, கடந்த இரண்டு வருடத்தில் பதிவான எல்லா மனுக்களுக்கும், நிலுவையில் இருந்தாலும் சரி, காகிதக் குறைவால் தள்ளுபடியாகியிருந்தாலும் சரி, இந்த வாரமே அட்டை. யாரும் திரும்ப வந்து நிற்க வேண்டியதில்லை. புது மனுக்களுக்கு இந்தத் தொகுதி முடிந்தபின், மூன்று மாதம் கழித்து.

அவர் அதை மூன்று முறை படித்தார். இப்படி ஒன்று வேண்டும் என்று அவரே இரண்டு முறை மேலே எழுதிப் போட்டிருக்கிறார், பதில் வந்ததில்லை. வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு மனைவியிடம் சொன்னார். அலுவலக நேரத்தில் ஒருநாளும் கூப்பிடாத மனுஷன் கூப்பிட்டதில் அவள் பயந்துபோய், உடம்புக்கு என்ன என்றுதான் முதலில் கேட்டாளாம்.

மத்தியானம் பெயர்ப் பட்டியல் வந்தது. தையல்காரியின் பெயரைத் தேடினார். இல்லை. ஏதோ பிழை என்று மேலிருந்து மறுபடி விரலை ஓட்டினார். பாதிப் பக்கத்தில் விரல் நின்றது.

பட்டியலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் ஜன்னலில் தள்ளுபடியானவர்கள். அவள் தலைநிமிராமல் திருப்பியனுப்பியவர்கள். எண் போட்டதால் பதிவில் இருந்தார்கள். அவருடைய நாற்பத்தொரு பேர் எந்த வாசலிலும் வந்து நின்றதாகவே பதிவில்லை.

இழுப்பறையைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் ஜன்னல்காரி எதற்கோ எழுந்து வந்தவள், அவரையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தாள். சட்டென்று திரும்பித் தன் ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

மேலதிகாரி நல்ல பெண்மணி. அவர் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டாள். பதிவேடு போன வெள்ளிக்கிழமையோடு பூட்டப்பட்டுவிட்டது, பின்தேதி போட யாராலும் முடியாது என்றாள். அவர் நடந்ததை எழுதித் தருவதாகவும், தண்டனை எதுவானாலும் தன்னோடு போகட்டும் என்றும் சொன்னார்.

“எழுதிக் குடுங்க, அனுப்பறேன். அது மேல போய், விசாரணைன்னு ஆகி, இறங்கி வர்றதுக்கு மூணு மாசத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள அவங்களுக்குப் புது வழியிலேயே அட்டை வந்துடும். உங்க வேலைதான் போகும்.”

அவர் எழுந்தபோது அவளே மெதுவாகச் சொன்னாள்: “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சார்.”

சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நிறுத்தச் சொல்வார்களே என்ற பயம். இப்போது யோசித்தால், அது பயம் மட்டும்தானா என்று அவருக்கே நிச்சயமில்லை. ‘மூணாம் ஜன்னல்’ என்று நான்கு பேர் தேடி வருவதில் ஒரு ருசி இருந்தது. எழுதித்தான் கொடுத்தார். ஆனால் அந்தக் காகிதத்தால் யார் வீட்டு அடுப்பும் எரியப்போவதில்லை என்று தெரிந்தே கையெழுத்திட்டார்.

புதன்கிழமை தையல்காரி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. வீட்டுக்காரர் வீட்டுத் திரைச்சீலைகள் அத்தனையும் கூலியில்லாமல் தைத்துக் கொடுத்து, கடிதத்தை வாங்கிவிட்டாளாம். அப்புறம் பார்த்தால் கடிதமே தேவையில்லை என்று கடையில் பேசிக்கொள்கிறார்கள். “பாத்தீங்களா அண்ணா, என் நேரத்தை?” என்று சிரித்தாள்.

அவர் மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் யாரோ இருமினார்கள். வரிசை ஓரடி நெருங்கியது.

“பக்கத்து ஜன்னல்ல குடுத்து, அவங்க வேணாம்னு தள்ளியிருந்தா?”

“வந்திருக்கும்மா.”

“இந்த வாரமே?”

“இந்த வாரமே.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை. “நீங்க என்ன பண்ணுவீங்க, நல்லதுக்குத்தானே வெச்சிருந்தீங்க,” என்றாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

புது மனுவை நிரப்பினார்கள். பெயர், முகவரி, வீட்டில் எத்தனை பேர், கையெழுத்து. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எண்ணைப் போட்டுச் சீட்டைக் கொடுத்தார். அவள் வீட்டுக்காரர் கடிதத்தையும் கம்பிக்குள் நீட்டினாள். வேண்டியதில்லை என்றார். “இருக்கட்டும். அப்புறம் கேட்டாங்கன்னா?” என்றாள். வாங்கிக்கொண்டார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“திங்கக்கிழமைலேர்ந்து லீவு,” என்றாள், அவரைப் பார்க்காமல். பிறகு விலகி நடந்தாள்.

அடுத்து நின்றவர் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், இடுப்பு பிடித்துப்போய் வேலையை விட்டவர். அவருடைய மனுவும் இழுப்பறையில்தான் இருந்தது. கம்பியில் முகத்தைப் பதித்து, பல் தெரியச் சிரித்தார்.

“நல்ல சேதி வந்திருக்காமே அண்ணா?”