சத்தம் வருது

தம்பியை வேனில் ஏற்றியதும் பின்கதவைச் சாத்தப் போனவர் அண்ணன்தான். தொட்டில் குழந்தை விழித்துவிடுமோ என்பதுபோல அத்தனை மெதுவாகத் தள்ளினார். கதவு பிடிக்கவில்லை. மறுபடியும் மெதுவாகவே தள்ளினார்.

இருவருக்கும் நடுவில் பிறந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பதவிசை நேற்றுக் காட்டியிருக்கக் கூடாதா?

எதிர்பாராத சத்தம் கேட்டால் தம்பிக்கு வலிப்பு வரும். உடம்பு ஒருமுறை தூக்கிப்போடும், பிறகு விறைத்து அப்படியே சாய்ந்துவிடுவான். முன்கூட்டியே தெரிந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. அதனால் மிக்சி போடுமுன், ஜன்னலைச் சாத்துமுன், தும்மல் வந்தால்கூட அவள் "சத்தம் வருது" என்று சொல்லிவிடுவாள். கண்ணாடிக் கடையில் அவனோடு லென்ஸ் தேய்ப்பவர்களும் அதற்குப் பழகிவிட்டார்கள். அண்ணனுக்கு மட்டும் அது நாடகம்.

"சொன்னா வராதாம், சொல்லலைன்னா வருமாம். நல்லா இருக்கு கதை!"

நேற்று அது வெறும் கதைதான் என்று தன் நண்பருக்கு நிரூபித்துக் காட்ட ஆசைப்பட்டார். சமையல் மேடையருகே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவனின் முதுகுக்குப் பின்னால் ஒரு தாம்பாளத்தைத் தரையில் போட்டார். அவள் கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். அதற்குள் மேடையின் விளிம்பு அவன் நெற்றிப்பொட்டில் இறங்கிவிட்டது.

காலையிலிருந்து, துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் "கால் வழுக்கிடுச்சு" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். நண்பர் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அண்ணன் தன்னிடமாவது உள்ளதைச் சொல்வாரா என்று அவளும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சநேரத்தில் வண்டி கிளம்பிவிடும்.

"அண்ணா, அவன் எப்படி விழுந்தான்?"

"அதான் சொன்னேனே, தண்ணி சிந்தியிருந்துச்சு..."

"தரை காஞ்சு கிடந்துச்சு. நான்தானே துடைச்சேன்."

அண்ணன் திரும்பிக் கதவை மறுபடியும் மெதுவாகத் தள்ளினார்.

"ஓங்கி அடிங்க சார், அப்பதான் பிடிக்கும்" என்றார் டிரைவர்.

அண்ணனின் கை எழவில்லை.

"அடிங்கண்ணா" என்றாள் அவள். "இனிமே என்ன பயம்?"

அடித்தார். இப்போதும் சொல்லாமல்தான் அடித்தார்.

அவள் கை, விழும் தலையொன்றைத் தாங்கப் போவதுபோலத் தானாக நீண்டு, மூடிய கதவில் போய் முட்டியது.