நான்காம் பாத்தியின் தாகம்

வேளாண் இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தின் நான்காம் பாத்தி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு இயக்குநரின் தேநீரைக் குடித்தது. அப்போது அவர் பாத்தி ஓரத்தில் நின்று விருந்தாளிகள் நான்கு பேருக்குத் தம்முடைய சூத்திரத்தை விளக்கிக்கொண்டிருந்தார். கோப்பை சாயவில்லை. தேநீர் மட்டும் நூல் பிடித்தாற்போல விளிம்பைத் தாண்டி இறங்கி மண்ணுக்குள் போய்ச் சேர்ந்தது. இயக்குநர் காலிக் கோப்பையை ஒருமுறை உறிஞ்சிப் பார்த்தார். ஊழியரைக் கூப்பிட்டு, இனிமேல் கோப்பை நிறைய ஊற்றும்படி கண்டித்தார். பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். விருந்தாளிகள் காலிக் கோப்பையோடு தலையாட்டினார்கள். அவர்களுடைய தேநீரும் அதற்குள் போயிருந்தது.

பின்னால் பதிவேட்டோடு நின்றிருந்த அளவுக்காரி மட்டும் தேநீர் இறங்கிய இடத்தைக் குனிந்து பார்த்தாள். பதினான்கு வருஷமாகத் தினமும் காலையில் எட்டுப் பாத்திகளின் ஈரத்தையும் அளந்து எழுதுவது அவள் வேலை. அதனால் வீதியிலும் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. அவள் அளக்கும் கருவி ஒன்றும் பெரிய மர்மமில்லை. நீர் நிரப்பிய ஒரு குழாய், மண்ணில் புதைந்த அதன் அடியில் சுட்ட களிமண் குமிழ், மேலே முள் வைத்த வட்டம். மண் எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு பலமாகக் குழாய்த் தண்ணீரை இழுக்கும். அந்த அளவுக்கு முள் நகரும். நான்காம் பாத்தியின் குமிழ் ஆறு வருஷத்துக்கு முன்பே விரிசல் விட்டுவிட்டது. புதியது கேட்டு அவள் மூன்று முறை எழுதினாள். மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது: இயக்குநரின் சூத்திரமே மண்ணின் ஈரத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடுவதால் அவசரம் ஒன்றுமில்லை, ஆனால் பதிவேட்டில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. அன்றைக்கு அவள் சூத்திரத்தைப் பார்த்து 'முப்பது' என்று எழுதக் கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டாம் மாதம் கால் நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்றாம் வருஷம், பார்ப்பதற்கு இயல்பாக இருக்கட்டுமே என்று இடையிடையே இருபத்தொன்பதும் முப்பத்தொன்றும் போடுகிற அளவுக்குத் தேர்ந்துவிட்டாள். முப்பது என்றால் ஈரம் போதும் என்று அர்த்தம். ஆகவே ஆறு வருஷமாக நான்காம் பாத்திக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. மேகம் வந்தாலும் அதன்மேல் தார்ப்பாய் இழுத்து மூடினார்கள், சூத்திரத்தில் மழைக்கு இடமில்லை என்பதால். விதைத்த மக்காச்சோளம் முளைக்காதபோது விதை கொடுத்தவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. சூத்திரமும் பதிவேடும் இவ்வளவு அச்சாக ஒத்துப்போவதை மெச்சி இயக்குநருக்கு ஒரு விருதும் கொடுத்தார்கள். அதன் பிறகு அந்தச் சூத்திரத்தை வைத்தே, எப்போது தண்ணீர் பாய்ச்சலாம், எப்போது வேண்டாம் என்று சுற்றுவட்டார விவசாயிகளுக்கெல்லாம் வாராவாரம் அறிக்கை போயிற்று.

அதை வரி தவறாமல் பின்பற்றியவர் ஒரே ஒருவர், அவளுடைய அண்ணன். அவருடைய நிலம் நான்காம் பாத்தியின் வேலிக்கு அந்தப் பக்கம். மற்றவர்கள் மண்ணைக் கையால் பிசைந்து பார்த்துத் தண்ணீர் விடும்போது, "நான் எதுக்குப் பிசையணும்? என் தங்கச்சி அளந்து எழுதியிருக்கா" என்று சிரிப்பார். இரண்டு பருவம் அவர் பயிர் மட்டும் கருகிற்று. அவர் வெயிலைக் குறை சொன்னார், விதையைக் குறை சொன்னார், கடைசியில் தன் கைராசியையே குறை சொன்னார். தங்கையை மட்டும் சொல்லவில்லை.

தேநீரோடு விட்டிருந்தால் பாத்தியை யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அடுத்த வாரம் அது தோட்டக்காரரின் வியர்வையைக் குடித்தது. அவர் சட்டை நனையாததில் அவருக்கு மகிழ்ச்சிதான். அப்புறம் வேலிமேல் காய்ந்த துணிகளின் சாயத்தையும், மாடியில் இருந்த மீன்தொட்டியையும் குடித்தது. மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வந்தது. பாத்தி ஓரத்தில் பத்து நிமிஷம் நின்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதால் மூவராலும் மாற்றுக் கருத்துச் சொல்ல முடியவில்லை. அங்கேயே மேசை போட்டு ஏகமனதாக அறிக்கை எழுதினார்கள். பேனா மை தாளில் பட்டதும் மேசைக்கால் வழியாக இறங்கி மண்ணுக்குப் போனது. நாற்பது வெற்றுத் தாள்கள் முறைப்படி தைக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டன. இதுவரை வந்த அறிக்கைகளில் இதில்தான் பிழை குறைவு என்று ஒரு மேலதிகாரி குறிப்பும் எழுதினார்.

அதற்குள் அண்ணன் கிணற்றில் தண்ணீர் சாய்ந்து நிற்கத் தொடங்கியிருந்தது. ஒரு பக்கச் சுவரில் ஐந்து முழம் தாழ்ந்தும் வேலிப் பக்கச் சுவரில் ஐந்து முழம் உயர்ந்தும், யாரோ கிணற்றையே சாய்த்துப் பிடித்ததுபோல நின்றது. வாளியைப் போட்டால் அது வேலிப் பக்கமாகவே நழுவியது. அதைப் பார்த்த அன்றுதான் அளவுக்காரி இயக்குநரின் அறைக்குப் போனாள்.

"சார், நாலாம் பாத்தியில ஓடுற கருவியே கிடையாது. ஆறு வருஷமா நான் எழுதினது எல்லாம் பொய்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொய்னு ஏம்மா சொல்றே? சூத்திரத்தோட ஒத்துப்போகுதுல்ல?"

"அதைப் பாத்துத்தானே சார் எழுதினேன்."

"அப்புறமென்ன, ரெண்டும் சரின்னுதானே அர்த்தம்?" என்றார் அவர், நிஜமாகவே குழம்பிப்போய். பிறகு குரலைத் தாழ்த்தி, முதுநிலை அளவையாளர் இடம் ஒன்று காலியாக இருப்பதாகச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரு கணம் அந்த இடத்தில் தன்னை உட்கார்த்தி வைத்துப் பார்த்ததும் உண்மை. அந்த வெட்கத்தில்தான் நேரே வேலிக்கு நடந்தாள்.

அண்ணனும் அண்ணியும் வேலிக்கு அந்தப் பக்கம் கருகிய பயிர்த் தட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் இந்தப் பக்கம் பாத்தியில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். ஆனால் கண்ணீர் இமையை விட்டு வருவதற்குள் மண் வாங்கிக்கொண்டது. பார்ப்பவருக்கு அவள் சந்தைக்குப் போய் வந்த கதை சொல்வதுபோல இருந்தது.

அண்ணன் அவள் கன்னத்தில் ஈரம் தேடினார். "ரெண்டு பருவம் போச்சு. அழக்கூட உனக்குத் தோணல இல்ல?" என்றார். தட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அண்ணி நின்றாள். "அவரை நான் பாத்துக்கறேன்" என்றாள். பிறகு, "என்னைச் சமாதானம் பண்ண ஆளில்ல. அதையும் தெரிஞ்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அவளும் போனாள்.

அளவுக்காரி இரண்டாம் பாத்தியின் கருவியைப் பிடுங்கி வந்து நான்காம் பாத்தியில் நட்டாள். முள் வட்டத்தை மூன்று முறை சுற்றி வந்து வளைந்து நின்றது. மை நிற்காது என்பதால் பென்சிலால் எழுதினாள்: 'அளவு கடந்த வறட்சி. முந்தைய ஆறு வருஷத்து எண்கள் நான் இட்டுக்கட்டியவை.' பென்சிலால் எழுதுவது செல்லாது என்று விதி இருந்தது. மூன்று பேர் குழு வந்து எழுதியிருந்தாலும் அழியாமல் நின்றது அது ஒன்றுதான். அந்தத் தாளின் பிரதிகளை, வாராந்தர அறிக்கை போகிற எல்லா வீட்டுக்கும் தானே நடந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். சிலர் அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். அதுவும் நியாயம்தான் என்று அடுத்த வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்து வாய்க்கால் மதகைத் திறந்துவிட்டாள்.

அந்தத் தாளில் இருந்ததை மறுக்க இயக்குநர் தாமே பாத்திக்கு வந்தார். பாத்தியின் நட்டநடுவில் நின்று, ஊழியர்கள் எல்லோர் முன்னிலையிலும், இந்த மண்ணில் ஈரம் போதுமானது என்று சூத்திரத்தின் முதல் வரியிலிருந்து நிரூபிக்கத் தொடங்கினார். வாய்க்கால் தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. அளவுக்காரி இரண்டு முறை, "வெளிய வந்துடுங்க சார்" என்று கூப்பிட்டாள். அவர் கையசைத்து மறுத்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து நிரூபணம் முடிந்தபோது, மனித உடம்பில் முக்கால்வாசி தண்ணீர் என்ற கணக்கு சரிதான் என்பது எல்லோருக்கும் விளங்கிற்று. அவர் கோட்டுக்குள் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை என்றார் மருத்துவர். தண்ணீரில் ஊறவைக்கலாமா என்று கேட்டதற்கு, மேலிடத்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அனுமதி இன்னும் வரவில்லை. அவரை நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உட்கார வைத்தார்கள். வெளியூர்க் கூட்டங்களுக்குப் பையில் எடுத்துப் போனார்கள். கோப்புகள் முன்பு போலவே நகர்ந்தன. கூட்டங்கள் மட்டும் சீக்கிரம் முடிந்தன. அவருக்குப் பணி நீட்டிப்பு இரண்டு முறை கிடைத்தது.

அளவுக்காரிக்கு மதகைத் திறந்ததற்காக ஒரு வருஷம் ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. பொய் எழுதியதற்குத் தண்டனை இல்லை. அதை விசாரித்தால் விருதைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். நான்காம் பாத்தி பதினோரு மாதம் குடித்தது. பிறகு கொஞ்சம் நிதானப்பட்டது. கிணற்றுத் தண்ணீர் ஒரு பக்கம் மூன்று விரற்கடை உயர்ந்தே நின்றது. அண்ணி அதற்கேற்றபடி வாளிக்கயிற்று உருளையை வேலிப் பக்கமாக மாற்றிக்கொண்டாள். ஊரார் அவசரத்துக்கு ஈரத்துணிகளையும் நனைந்த தானிய மூட்டைகளையும் கொண்டுவந்து பாத்தி ஓரத்தில் வைத்து, காய்ந்ததும் எடுத்துப் போனார்கள். குழந்தைகள் அங்கே விழுந்தால் அழுகை சட்டென்று நிற்கும் என்று தாய்மார்கள் சொன்னார்கள்.

அடுத்த வருஷ விதைப்புக்கு முந்தின வாரம் ஒரு காலையில் அண்ணன் வேலியருகே வந்து நின்றார். ஒரு வருஷமாக அவர் அவளோடு பேசவில்லை. அவள் முள் நிமிர்த்திய நான்காம் பாத்திக் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு எவ்வளவு?" என்றார், அவளைப் பார்க்காமல்.

"தெரியலண்ணா. இனிமேதான் பாக்கணும்."

"எவ்வளவு நேரமாகும்?"

"முள் நிக்கிற வரைக்கும். அரை மணி ஆகலாம், அதுக்கு மேலயும் ஆகலாம்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வரப்பில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார்.