கிரேக்க ராஜாவின் மனந்திரும்புதல்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு பிளஸ் டூ வரப்போகிறது என்ற செய்தி வந்த அன்றே லாசரஸ் சாருக்கு எம்.ஏ.வை முடித்துவிடும் ஆசை வந்துவிட்டது. மேல் வகுப்புக்குத் தமிழ் எடுக்க ஒரே ஒரு இடம். எம்.ஏ. முடித்தவருக்குத்தான் அது. மூன்று பேர் தபால் வழியில் படித்துக்கொண்டிருந்தோம்: லாசரஸ் சார், சுப்பராயலு சார், நான். எங்களுக்குப் பாக்கியிருந்தது ஒப்பிலக்கியத் தாள் மட்டும்.

எனக்கு அந்த இடம் வேண்டும். பத்து வருஷமாக ஆறாம் வகுப்புக்கு வல்லினம் மெல்லினம் சொல்லிக் கொடுத்துத் தொண்டை வற்றிப்போனவளுக்கு வேண்டாமா? என்னைப் பார்த்து, "லேடீஸுக்கு எதுக்கு டீச்சர் பெரிய கிளாஸ்? பசங்க அடங்க மாட்டாங்க" என்றவர் இதே லாசரஸ் சார். அவர் வகுப்பில் பையன்கள் அடங்கித்தான் இருப்பார்கள். தூங்குகிறவன் எப்படிச் சத்தம் போடுவான்?

பாடத்தைப் பங்கு போட்டுப் படிப்பது என்று அவர்தான் முடிவு செய்தார். ஒப்பிலக்கியத்தைப் பங்கு போட்ட புத்திசாலிகள் உலகத்திலேயே நாங்கள்தான் இருப்போம். நம் காவியம் எனக்கு. கோட்பாடு சுப்பராயலு சாருக்கு. கிரேக்கக் காவியம் லாசரஸ் சாருக்கு.

"கிரேக்கம் நம்ம பாஷைதானே டீச்சர்! நம்ம வேதத்தையே முதல்ல கிரேக்கத்துலதான் எழுதினாங்க" என்றார். எங்கள் சர்ச்சின் சேகரக் கமிட்டியில் இருப்பவர், பாதிரியார் ஊரில் இல்லாத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்பவர். அவருக்குக் கிரேக்கம் சொந்தம் இல்லையென்று யார் சொல்வது? நூலகத்தில் இருந்த ஒரே மொழிபெயர்ப்புப் பிரதியையும் கிறிஸ்துமஸுக்கு முன்பே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். எப்போது கேட்டாலும், "குறிப்பு எடுத்துக்கினு இருக்கேன், டீச்சர்" என்பார்.

சுப்பராயலு சார் சேலையூரின் பழைய குடும்பம். செம்பாக்கம் ஏரிப் பக்கம் இருந்த நிலத்தை மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார். கோட்பாட்டைப் புரட்ட அவருக்கு எங்கே நேரம்? மனை பார்க்க வந்தவனிடம் காட்டிய அக்கறையில் கால்வாசியை அந்தப் புத்தகத்திடம் காட்டியிருந்தால் டாக்டர் பட்டமே வாங்கியிருப்பார்.

திங்கட்கிழமை பரீட்சை. சனிக்கிழமை மத்தியானம் எட்டாம் வகுப்பு அறையில் கூடினோம். லாசரஸ் சார் முதலில் ஜெபம் செய்தார். அது முடியவே ஒரு காலேஜ் லெக்சர் நேரம் ஆயிற்று. பிறகு கதையை ஆரம்பித்தார்.

"ஒரு ராஜா. மகா பெருமைக்காரன். யுத்தத்துல ஜெயிச்சு, என்னாலதான் எல்லாம்னு மார் தட்டினான். கடல்ல கிளம்பினான். புயல் வந்தது. தோழர்கள் செத்தாங்க. அப்போ அந்த ராஜா என்ன பண்ணான்?" குரல் தழுதழுத்தது. "மனம் நொந்து, முழங்காலில் நின்று, தாரை தாரையாய்க் கண்ணீர் விட்டான். கடவுள் மன்னிச்சார். ஊர் போய்ச் சேர்ந்தான். இதான் முடிவு."

சுப்பராயலு சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னா கதை சார்! மனசே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

எனக்கு எங்கேயோ இடித்தது. போன மாதம் பிரசங்க பீடத்தில் கேட்ட குரல், அதே ஏற்ற இறக்கம். "சார், நிஜமாவே முழங்கால் போடறானா? புத்தகத்தைக் கொஞ்சம் குடுங்களேன், ராத்திரி பார்த்துட்டுத் தரேன்."

"சந்தேகம் கூடாது டீச்சர்" என்றார். புத்தகம் வீட்டில் இருக்கிறதாம், வீட்டுச் சாவி சம்சாரத்திடம் இருக்கிறதாம், சம்சாரம் வேலூரில் இருக்கிறாராம். வேறு வழி இல்லாமல் அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்தேன்.

திங்கட்கிழமை வினாத்தாளில் முதல் கேள்வியே, இரண்டு காவியங்களின் முடிவையும் ஒப்பிடச் சொல்லித்தான் வந்தது. விண்ணப்பங்களை ஒரே உறையில் போட்டு அனுப்பியதால் நம்பர் அடுத்தடுத்து வந்து, வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மூன்று பேனாவும் பரபரவென்று ஓடின.

ஜூன் மாதம் முடிவு வரவில்லை. மூவரையும் விசாரணைக்கு வரச்சொல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. பார்த்து எழுதிய குற்றம். நிரூபணமானால் இரண்டு வருஷம் பரீட்சை எழுத முடியாது. பிளஸ் டூ இடம் அத்தோடு போயிற்று, பெயரும் போயிற்று.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறியதிலிருந்து லாசரஸ் சாரிடம் கெஞ்சினேன். "சார், நான் புத்தகம் படிக்கல, நானா ஒரு கதை சொன்னேன்னு ஒரே வார்த்தை சொல்லிடுங்க. மூணு பேரும் தப்பிச்சுடலாம்."

அவர் ஜன்னலுக்கு வெளியே குரோம்பேட்டையைப் பார்த்துக்கொண்டே, "ஜெபம் பண்ணுங்க டீச்சர்" என்றார்.

விசாரணை அதிகாரி யக்ஞநாராயணன் மூன்று விடைத்தாள்களையும் விரித்து வைத்திருந்தார். "மூணு பேரும் ஒரே வார்த்தைல அந்த ராஜாவை முழங்கால் போட வெச்சிருக்கீங்க. தாரை தாரையா அழவும் வெச்சிருக்கீங்க. மூலத்துல அப்படி ஒண்ணுமே கிடையாது. யார் யாரைப் பார்த்து எழுதினது?"

லாசரஸ் சார் எழுந்து நின்றார். "நான் புத்தகம் முழுக்கப் படிச்சவன் சார். என் மனசாட்சி சுத்தம். இவங்க ரெண்டு பேரும் பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. என் கண் என் பேப்பர் மேல இருந்தது. மத்தது கர்த்தருக்குத்தான் தெரியும்."

சுப்பராயலு சார் வாயைப் பிளந்தார். "அடப்பாவி" என்று மட்டும் வந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "சார், இவர் படிக்கல. நாங்களும் படிக்கல. புத்தகத்தை எங்க கண்ல காட்டவே இல்ல. இவர் ஒரு பிரசங்கம் பண்ணார், அதைக் கேட்டு எழுதினோம். யாரும் யாரையும் பார்த்து எழுதல."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "எம்.ஏ. தமிழ்ப் பரீட்சைக்குப் படிக்காம வந்தோம்னு, தமிழ் வாத்தியார்கள் நீங்க எழுதிக் கொடுக்கறீங்களா?"

"கொடுக்கறேன் சார்."

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். சுப்பராயலு சார் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டுப் போட்டார். மனைப் பத்திரம் பார்த்துப் பழகியவர். காகிதம் லாசரஸ் சாரிடம் போனது. "நீங்க போடலேன்னா இவங்க சொல்றது எடுபடாது. மூணு பேருக்கும் ரெண்டு வருஷம்தான்" என்றார் அதிகாரி. லாசரஸ் சார் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். பேனாவை வாங்கினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

குற்றம் இல்லை என்று பதில் வந்தது. கூடவே மார்க்கும் வந்தது. மூவரும் பெயில்.

பிளஸ் டூ இடத்துக்குக் குரோம்பேட்டையிலிருந்து பியூலா என்ற சின்னப் பெண் வந்தாள். ஒப்பிலக்கியத்தில் முதல் வகுப்பாம். ஆசிரியர் அறையில் லாசரஸ் சார் அவளுக்காக ஜெபம் செய்து, தலையில் கை வைத்து வாழ்த்தினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"கிரேக்கத்துல ஏதாவது சந்தேகம் வந்தா தயங்காம என்னைக் கேளும்மா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் டிபன் பாக்ஸ் மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை.